அப்பாவோட முதுமலை, பந்திப்பூர் ரோட்டுல ரெண்டு நாள்

காட்டு ரோட்டுல கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டுல யார உக்கார வெக்கலாம்னு கேட்டா ரிட்டயர் ஆன லாரி டிரைவரத்தான் சொல்லுவேன். பெரிய லென்ஸ் வெச்சிருக்கற ஃப்ரெண்டு வேணாம், பறவை பேரெல்லாம் மனப்பாடமா சொல்ற ஆளும் வேணாம். அவங்கெல்லாம் காட்டப் பாப்பாங்க, லாரிக்காரரு ரோட்டப் பாப்பாரு, முதுமலையில பாதி விஷயம் ரோட்டுலதான் நடக்குது.

எங்கப்பா அப்படி ஒரு ஆளு. மேட்டுப்பாளையத்துக்காரரு, ஊட்டியில கேரட்டு, முட்டைகோஸ் லோடு ஏத்திட்டு கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை வழியா மைசூர், அங்கிருந்து பெங்களூர், திரும்பி வர்றப்ப என்ன லோடு கிடைக்குதோ அது. தொண்ணூறுகள் பூரா இந்த லைன்தான். எத்தனை தடவ போயிருப்பீங்கன்னு கேட்டா சிரிப்பாரு, அவ்வளவுதான். ஆனா விசயம் என்னன்னா இந்தக் காட்ட அவரு பகல்ல பாத்ததே ரொம்பக் கம்மி. சாயங்காலம் லோடு ஏத்தி முடிச்சு கெளம்பினா விடியறதுக்குள்ள மார்க்கெட்டுல நிக்கணும், அதனால காடு வர்ற நேரம் எப்பவும் நடுராத்திரி. ஹெட்லைட் விழுந்த அளவுக்குத்தான் அவருக்குத் தெரிஞ்ச முதுமலை.

கண்ணுல புரை ஆப்பரேஷன் பண்ணி முடிச்சு டாக்டர் கார்ல எங்க வேணா போலாம்னு சொன்ன பொறகு, ஒரு ஆகஸ்ட் மாசம், எங்கியாச்சும் போலாங்ளாப்பான்னு கேட்டேன். கன்யாகுமரி, ராமேஸ்வரம்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். "பந்திப்பூர் ரோட்ட வெளிச்சத்துல ஒருக்கா பாக்கலாம் அம்மிணி"ன்னாரு. அம்மாவக் கூப்பிட்டோம், பஸ் ரோட்டப் பாக்க நான் எதுக்குன்னு வரல.

ஊட்டிக்குப் போக இப்ப இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவுல கொண்டு வந்தது. அப்பாவுக்கு இத விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஊட்டிக்கா பாஸு, நமக்கா பாஸுன்னு கல்லார் செக்போஸ்ட் வரைக்கும் பொலம்பிட்டே வந்தாரு. அங்க பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பாத்தாங்க, நீலகிரிக்குள்ள தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போகக்கூடாது, எங்ககிட்ட எவர்சில்வர் பாட்டில்தான், விட்டுட்டாங்க.

ஊட்டி வரைக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, கூட்டம், ஹார்ன், பச்சை கலர் சாக்லேட் கடை போர்டுங்க. பைக்காரா தாண்டி நடுவட்டம் எறக்கத்துலதான் மழை பிடிச்சுது. நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டவ, எறக்கம்னா பிரேக்குல கால வெச்சிட்டே எறங்கற ஆளு. அப்பா ஒண்ணும் சொல்லாம கியர் லீவரையே பாத்துட்டு வந்தாரு. அப்புறம் பொறுக்க முடியாம "செகண்டுல போடு கண்ணு, எந்த கியர்ல ஏறுவியோ அதுலயே எறங்கு, பிரேக்க வளைவுக்கு மட்டும் வெச்சுக்கோ"ன்னாரு. பிரேக்க தொடர்ந்து மிதிச்சுட்டே வந்தா சூடேறி ஒரு கட்டத்துல பிடிக்காது, லோடு வண்டிக்கு அது சாவு, காருக்கும் அதேதான், கொஞ்சம் லேட்டா நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாக்கி தூரம் வண்டி சும்மா முனகிட்டே எறங்குச்சு, எனக்கு காலு வலியே இல்ல.

கூடலூர்ல நல்ல மழை, முன்னாடி போற பஸ்ஸே தெரியல. அப்பா சொன்னாரு, தொரப்பள்ளி தாண்டி கொஞ்ச தூரம் போனா வைப்பர நிறுத்திடலாம்னு. எப்படிப்பா அவ்வளவு கரெக்டா சொல்றீங்கன்னேன். நிறுத்திப் பாருன்னாரு. தொரப்பள்ளி செக்போஸ்ட்டுல நம்பர் எழுதிட்டு உள்ள போயி தெப்பக்காட்டுக்குப் பாதி தூரம் வர்றதுக்குள்ள தூறலாயி, அப்புறம் ரோடே காஞ்சு கெடக்குது! நான் வீட்டுக்கு வந்து படிச்சதுல புரிஞ்சது இது: தென்மேற்குப் பருவக்காத்து கொண்டு வர்ற மழைய கூடலூர் பக்கத்து மலைங்க வாங்கிக்குது, கிழக்கால போகப் போக மழை கொறையுது, அதனால ஒரே காட்டுக்குள்ளயே மேக்கால பசுமையான ஈரக்காடு, நடுவுல தேக்கும் மூங்கிலும் இலை உதிர்க்கற காடு, மசினகுடி, சீகூர் பக்கம் வந்தா முள்ளுக்காடு. மொத்தமா இருபது முப்பது கிலோமீட்டருக்குள்ள. இதையெல்லாம் அப்பா வைப்பர் சுவிட்சுலயே தெரிஞ்சு வெச்சிருக்காரு.

முதுமலைதான் தென்னிந்தியாவுல முதல்ல அறிவிச்ச வனவிலங்கு சரணாலயம், 1940ல. அப்புறம் நேஷனல் பார்க் ஆச்சு, 2007ல டைகர் ரிசர்வ். கர்நாடகா பக்கம் பந்திப்பூர் 1973ல புராஜெக்ட் டைகர் ஆரம்பிச்சப்பவே அதுல சேந்தது, அடுத்த வருஷம் நேஷனல் பார்க். ரெண்டுக்கும் நடுவுல மாயாறு. புலிக்கு எல்லையெல்லாம் கிடையாது, நமக்குத்தான் கக்கநல்லாவுல மறுபடியும் செக்போஸ்ட், மறுபடியும் நம்பர், மறுபடியும் காசு.

காட்டுக்குள்ள போன பொறகு அப்பா பேச்சே மாறிடுச்சு. ஊட்டி வரைக்கும் அரசியலும் சொந்தக்காரங்க கதையும் பேசிட்டு வந்தவரு இங்க ஒத்தை வார்த்தைல பேச ஆரம்பிச்சாரு. மெல்ல. லத்தி. பச்சை. அதாவது ரோட்டுல யானை லத்தி, அதான் சாணி, கெடக்கு, பச்சையா இருக்கு, இப்பத்தான் போயிருக்கு, மெதுவா போ. கொஞ்ச தூரத்துல மூங்கில் கெளை ரோட்டு மேல ஒடிஞ்சு கெடக்கு, இலை வாடவே இல்ல. நான் சினிமாவுல வர்ற மாதிரி யானை மரத்துக்குப் பின்னாடி தும்பிக்கைய தூக்கிட்டு நிக்கும்னு தேடிட்டு இருந்தேன். அப்பா கைய நீட்டினாரு, ஒண்ணும் தெரியல, மண் கலர்ல ஒரு மேடு, அந்த மேடு காத ஆட்டுச்சு. ரோட்டுல இருந்து கூப்பிடு தூரம்கூட இல்ல. நாலு யானை இருந்துச்சு, ஒண்ணு குட்டி. அவரு காட்டலன்னா தாண்டிப் போயிருப்பேன். எனக்கு முன்னாடி போன கேரளா வண்டி பாட்டு போட்டுட்டு அப்படித்தான் தாண்டிப் போச்சு.

நிறுத்தவான்னு கேட்டேன். கூடாது. இந்த ரோட்டுல வண்டிய நிறுத்தக்கூடாது, எறங்கக்கூடாது, தீனி போடக்கூடாது, ஹார்ன் அடிக்கக்கூடாதுன்னு வழி நெடுக போர்டு, மீறினா ஃபைன். அப்பாவுக்கு ஃபைன் எல்லாம் கணக்கு இல்ல, அவரு காரணம் வேற. குட்டி கூட்டத்துக்கு நடுவுல இருக்கற வரைக்கும் தாய் சும்மா இருக்கும், நீ நின்னீன்னா பின்னாடி வர்றவனும் நிப்பான், அவனுக்குப் பின்னாடி பஸ்ஸு நிக்கும், அப்புறம் உனக்கு ரிவர்ஸ் எடுக்க எடம் இருக்காதுன்னாரு. யானை ரோட்டுலயே நின்னா என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, தூரத்துலயே நிக்கணும், எஞ்சின ஆஃப் பண்ணக்கூடாது, பின்னாடி வர்ற வண்டிக்கு கைய காமிக்கணும், அது போற வரைக்கும் நமக்கு வேல இல்லன்னாரு. ஒரு தடவ ஒத்தைக் கொம்பன் ஒருத்தன் ராத்திரி பூரா நின்னுட்டான்னு, ரெண்டு பக்கமும் லாரிங்க வரிசையா நின்னு, கிளீனர் பசங்கெல்லாம் கேபினுக்குள்ளயே தூங்கிட்டாங்கன்னு சொன்னாரு. முட்டைகோஸ் அன்னிக்கு மார்க்கெட்டுக்கு லேட்டு, யாரு நஷ்டம் தர்றது?

ரோட்டோரத்துல ஏன் இவ்வளவு மானு நிக்குதுன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம். புள்ளிமான் கூட்டம் கூட்டமா, கார் பக்கத்துல வந்தாக்கூட தலைய தூக்கறது இல்ல. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புதர வெட்டி வெளிச்சம் விழற மாதிரி வெச்சிருக்காங்க, அங்க இளம்புல்லு முளைக்குது, மானு அதுக்கு வருது. நமக்கு பாக்க வசதி, அதுக்குத்தான் ஆபத்து. அந்தப் பட்டைய தாண்டி உள்ள பாத்தா உண்ணிச்செடி, அதான் லாண்டானா, வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்குன்னு கொண்டு வந்த செடி, ஆளு உயரத்துக்கு அடைச்சு நிக்குது. மாடும் திங்காது மானும் திங்காது, கீழ புல்லு மொளைக்கவும் விடாது. முன்னாடி இவ்வளவு இல்ல, லைட் அடிச்சா உள்ளார தூரம் வரைக்கும் கண்ணுங்க மின்னும், இப்ப என்ன செவுரு கட்டின மாதிரி இருக்குதுன்னாரு அப்பா.

பந்திப்பூர் தாண்டறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பாலம் வந்துச்சு. அப்பா தலைய திருப்பிப் பாத்தாரு. இங்கதான் ஒரு கடமான் அடிபட்டுதுன்னாரு. யாரு வண்டியிலன்னு நான் கேக்கல, அவரே சொன்னாரு. மழை, பின்னாடி நெருக்கிட்டு வர்ற வண்டி, லைட்ட பாத்ததும் மானு அசையாம நின்னுடும், அந்தக் கண்ணுக்கு ஹெட்லைட் பட்டா எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது, டிம் பண்ணினா சில நேரம் ஓடிடும், அன்னிக்கு ஓடல. கிளீனர் எறங்கிப் பாக்கறேன்னான், நான் விடல, புலி இருக்கற காடு, கெளம்பிட்டோம்னாரு. அப்புறம் ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்துச்சு, அது மேல நான் கொஞ்சம் வேகமா ஏறிட்டேன், அதுக்குத் திட்டினாரு, பேச்சு அப்படியே மாறிடுச்சு.

இந்த இடத்துல ராத்திரி தடை பத்தி சொல்லணும். 2009ல சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் போட்ட உத்தரவு, பந்திப்பூருக்குள்ள போற ரெண்டு நேஷனல் ஹைவேயும், ஊட்டி ரோடும் வயநாட்டு ரோடும், ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடிடறாங்க. ஆம்புலன்ஸ், அப்புறம் சில அரசு பஸ்ஸு தவிர எதுவும் போகக்கூடாது. 2010ல கர்நாடகா ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. வயநாட்டுல இதுக்கு பயங்கர எதிர்ப்பு, 2019ல சுல்தான் பத்தேரியில உண்ணாவிரதமெல்லாம் இருந்தாங்க. அவங்க கஷ்டம் புரியாம இல்ல, ராத்திரி பெங்களூர் போகணும்னா சுத்திக்கிட்டுத்தான் போகணும்.

தடை வந்தப்ப அப்பா இன்னும் வண்டி ஓட்டிட்டு இருந்தாரு. வீட்டுல அந்த உத்தரவு போட்டவங்கள அவரு திட்டின திட்டு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இங்க எழுத முடியாது. 9 மணிக்குள்ள கேட்ட தாண்டணும்னு கூடலூர் எறக்கத்துல வண்டிங்க பறக்கும், தாண்ட முடியாதவங்க விடியற வரைக்கும் செக்போஸ்ட்டுல கொசுக்கடி. இப்ப அதே ஆளுகிட்ட கேட்டேன், தடைய எடுத்துடலாமான்னு. "எதுக்கு? மூடுனது மூடுனதாவே இருக்கட்டும். பகல்லயே இத்தன வண்டி போவுது, ராத்திரியாச்சும் அதுங்க நடக்கட்டும். காய்கறி என்ன, ஆறு மணிக்கு மேல போனா ஆகாதா?" சொன்னது முட்டைகோஸ் லோடு அழுகி நஷ்டப்பட்ட மனுசன். டிவியில உக்காந்து ரெண்டு பக்கமும் கத்தறவங்கள விட இந்த ஒரு ஓட்ட நான் பெருசா எடுத்துக்கறேன்.

வீரப்பன் காலத்துல பயம் இல்லையான்னும் கேட்டேன். 1997ல பந்திப்பூர்ல ரெண்டு வைல்ட்லைஃப் போட்டோகிராபர்கள கடத்திட்டுப் போயி ரெண்டு வாரம் வெச்சிருந்து விட்டாங்க, அதெல்லாம் இந்த லைன்ல ஓட்டுனவங்களுக்கு தினப்பேச்சு. லாரிய அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், போலீசு நிறுத்தி நிறுத்தி கேபின கொடையறதுதான் தொல்லைன்னாரு. அவ்வளவுதான், இதுல நான் எதிர்பாத்த த்ரில் கதை எதுவும் கிடைக்கல.

காட்டு எல்லை முடிஞ்சு குண்டல்பேட்டை பக்கம் வந்தா திடீர்னு வயலு, ஆகஸ்ட்ங்கறதால சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் கெடக்கு, ரோட்டோரம் பூரா செல்ஃபி எடுக்கற கூட்டம், வயல்காரங்க உள்ள வர்றதுக்கு காசு வாங்கிட்டு இருந்தாங்க. நல்லா கேக்கட்டும், செடிய மிதிச்சுட்டு ஓசியில போட்டோ எடுக்கறது என்ன நியாயம். அப்பா பூவப் பாக்கல. அவரு கைய நீட்டி ஹிமவத் கோபாலசாமி பெட்டாவக் காமிச்சாரு. விடியற நேரத்துல லாரியில போறப்ப அந்த மலை மேல மேகம் உக்காந்திருக்கும், மேல கோயில் இருக்குன்னு டீக்கடையில சொல்லுவாங்க, லோடு வண்டி எங்க திருப்பறது. அடுத்த நாள் காலைல போனோம். பிரைவேட் வண்டிய மேல விடறது இல்ல, அடிவாரத்துல நிறுத்திட்டு கர்நாடகா அரசு பஸ்ஸுல ஏறணும், காட்டுக்குள்ள வண்டிய கொறைக்கறதுக்கு இது நல்ல ஏற்பாடு. மேல ஒரே மேகம், வேணுகோபாலசாமிய சேவிச்சுட்டு வெளிய வந்தா பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. இங்கிருந்து ரோடு தெரியும்னு நெனச்சேன்னு அப்பா கொஞ்ச நேரம் நின்னாரு, மேகம் நகரவே இல்ல, பஸ் கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு.

திரும்பி வர்றப்ப தெப்பக்காடு யானை முகாம். 2023ல ஆஸ்கர் வாங்கின டாக்குமெண்டரில வர்ற பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி வளத்தது இங்கதான், பெள்ளிய அரசாங்கமே காவடியா, அதாவது பாகனுக்கு உதவியாளா, வேலைக்கு எடுத்தாங்க, அதனால கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சு. சாயங்காலம் தீனி நேரம், ராகியும் கொள்ளும் வேகவெச்சு பெரிய உருண்டையா பிடிச்சு வாயிலயே ஊட்டறாங்க, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற, போர்டுல எழுதி வெச்சிருக்கு. அப்பாவுக்கு வேற ஒரு யானை ஞாபகம், மூர்த்தி. கேரளாவுலயும் கூடலூர் பக்கமும் நெறைய பேர கொன்ன மக்னா, அதாவது கொம்பு இல்லாத ஆண் யானை, 1998ல பிடிச்சாங்க. அது திரியறப்ப கூடலூர் டீக்கடையில ராத்திரி வண்டிய விட்டு எறங்கவே பயப்படுவாங்களாம். பிடிச்சப்ப ஒடம்பெல்லாம் காயம், வைத்தியம் பாத்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பேரையே அதுக்கு வெச்சாங்க, அப்புறம் முகாம்ல அது அவ்வளவு சாதுவா ஆயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப மூர்த்தி உயிரோட இல்ல. அப்பா பாகன்கிட்ட அதப்பத்தி ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாரு, நான் வேன் சஃபாரிக்கு டிக்கெட் வாங்கப் போயிட்டேன்.

சஃபாரி பத்தி சுருக்கமா சொல்றேன். மயில், மானு, மந்தி, மறுபடியும் மானு. ஒரே ஒரு நல்ல விசயம் காட்டுமாடு, ரோட்ட ஒட்டி சாத்தி வெச்ச பீரோ மாதிரி நின்னுச்சு, முட்டிக்குக் கீழ வெள்ளை, கறுப்பு ஒடம்பு, எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்துட்டு மேயப் போயிடுச்சு. பின் சீட்டுல இருந்த ஃபேமிலி புலி புலின்னு டிரைவர அரிச்சுட்டே வந்தாங்க. அப்பா வேன்ல பூரா ஒரு வார்த்தை பேசல. எறங்கினதும், ரோட்டுல ஓசியிலயே இத விட அதிகமா பாத்தோம்னாரு. உண்மைதான்.

கடைசியா கல்லட்டி. தெப்பக்காட்டுல இருந்து மசினகுடி, சீகூர் வழியா ஊட்டிக்கு ஏறற ரோடு, 36 கொண்டை ஊசி வளைவு, தூரம் கம்மி, ஏத்தம் செங்குத்து. வெளியூர் வண்டி இதுல ஏறலாம், எறங்கக்கூடாது, நீலகிரி வண்டிங்க மட்டும்தான் எறங்கலாம். பிரேக் பிடிக்காம அவ்வளவு ஆக்சிடென்ட் ஆச்சு. லாரிய நாங்க இந்தப் பக்கம் கொண்டு வர்றதே இல்லன்னு அப்பா சொன்னதால அவருக்கும் இது புது ரோடு, ரொம்ப சந்தோசமா இருந்தாரு. வளைவு நம்பர் போர்ட சத்தமா படிச்சுட்டே வந்தாரு. "ஃபர்ஸ்ட்டு போடு, போடு, இப்ப விடு, வெளிய எடுத்துட்டு அப்புறம் ஒடி, நெம்பாத, ஆ அப்படித்தான்." மேல இருந்து ஒரு ஜீப் எறங்கி வந்துச்சு, ஏறற வண்டிக்குத்தான் வழி விடணும், ஜீப்காரரு ஒதுங்கி நின்னு கைய காமிச்சாரு. அப்பா ஜன்னல எறக்கி அவருக்கு ஒரு சல்யூட் வெச்சாரு! தலைக்குந்தா வர்றதுக்குள்ள குளிரு, வண்டி டெம்பரேச்சர் முள்ளு கொஞ்சம் ஏறி இருந்துச்சு, ஓரங்கட்டி பானெட்ட தொறந்து வெச்சோம்.

அங்க நிக்கறப்பவே அம்மாவுக்கு போன் போட்டு, யானை, மாடு, மானு எல்லாம் பாத்தோம், உம் பொண்ணு கியரு மாத்தறது பரவால்லன்னு சொன்னாரு. நான் டிரைவிங் லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, பரவால்லங்கறது இப்பத்தான் கிடைச்சிருக்கு. அடுத்து திம்பம் போலாங்கறாரு, 27 வளைவு, சத்தியமங்கலம் காடு. அங்கயும் 2022ல இருந்து ராத்திரி தடை வந்துடுச்சுன்னு சொன்னேன். காலைல ஆறு மணிக்கு பண்ணாரி கேட்டுல நிக்கோணும்னா வீட்டுல எத்தன மணிக்கு எந்திரிக்கணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாரு.